இடது மரை

பெடல் தண்டு சுழலும் இடத்தைச் சைக்கிள் கடைகளில் பி.பி. என்பார்கள். என்னிடம் வந்து சேர்ந்த பழைய எஃகு ஃபிரேம் ஒன்றில், அந்த பி.பி.யின் வலப்பக்கக் கப்பை, அதாவது குண்டுகள் உருளும் மரையிட்ட கிண்ணத்தை, கழற்ற எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதவில்லை. கப்பின் விளிம்பில் ஸ்பானர் பிடிக்க இருக்கும் தட்டைப் பகுதி மூன்று மில்லிமீட்டர் தடிமன்கூட இராது. 36 மில்லிமீட்டர் ஸ்பானர் இரண்டு முறை வழுக்கியதில் விரல் முட்டிகளின் தோல் உரிந்தது. எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்தேன். ஸ்பானரின் காம்பில் நீளமான குழாயைச் செருகி என் முழு எடையையும் அதன்மேல் போட்டுப் பார்த்தேன். கப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. மரை கழன்றிருப்பது கப்பில் இல்லை, வேறெங்கோ என்று வீட்டில் பேச்சு எழுந்தது.

அந்த ஃபிரேமை நான் இத்தாலியின் பியாங்கி என்று நம்பி வாங்கியிருந்தேன். நான் வசிக்கும் பர்மிங்காமில், ஒருவர் தம் கொட்டகையைக் காலி செய்யும்போது விற்றது. பியாங்கிக்கே உரிய வெளிறிய பச்சைநீலம், முன்குழாயில் கழுகுச் சின்னம், சாய்குழாயில் பெரிய எழுத்தில் பெயர். 1970-களில் செய்யப்பட்டது என்றார். அவர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன்; அவரும் அந்த ஒட்டுப்படத்தை நம்பித்தான் வாங்கியிருப்பார்.

மூன்றாம் ஞாயிறன்று, எங்கள் பகுதி சைக்கிள் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மெக்கானிக். ஃபிரேமைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சிறிது நேரம் பார்த்தார். வண்ணத்தையும் எழுத்துகளையும் அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. பின்சக்கரம் மாட்டும் பட்டைகளில் மட்கார்டு கம்பிக்கான சிறு வளையங்கள் இருப்பதை விரலால் தடவிவிட்டு, "எதிர்ப்பக்கம் சுற்றிப் பாருங்கள்" என்றார். சுற்றினேன். ஒரு முனகலோடு கப்பு அசைந்தது. அவ்வளவு நாளும் நான் அதைக் கழற்றிக்கொண்டிருக்கவில்லை, இறுக்கிக்கொண்டிருந்தேன்.

இது எப்படி நேர்ந்தது என்பதில்தான் பழைய ஐரோப்பியச் சைக்கிள்களின் கதை பெருமளவு அடங்கியிருக்கிறது. இத்தாலியர்களின் பி.பி. மரை 36 மில்லிமீட்டர் விட்டமும், ஓர் அங்குலத்துக்கு 24 சுற்றும் கொண்டது. இரண்டு பக்கமும் நாம் வழக்கமாகத் திருகும் வலது மரை. பிரெஞ்சுக்காரர்களுடையது 35 மில்லிமீட்டர், சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர். அதுவும் இரு பக்கமும் வலது மரைதான். ஆங்கிலேயர்களுடையது 1.37 அங்குலம், 24 சுற்று. ஆனால் செயின் ஓடும் வலப்பக்கத்தில் மட்டும் இடது மரை, அதாவது எதிர்ப்பக்கம் திருகினால் இறுகுவது. பெடல் தண்டு முன்னோக்கிச் சுழலும்போது இடையில் உருளும் குண்டுகள் கப்பை எதிர்த்திசையில் அணுவணுவாக நகர்த்தும்; வலப்பக்கத்தில் வலது மரை இருந்தால் அந்த நகர்வு கப்பைத் தளர்த்தும், இடது மரை இருந்தால் இறுக்கும். இத்தாலியர்களுக்கு இது தெரியாததல்ல. கையில் உள்ள வலிமையெல்லாம் கொடுத்து இறுக்கிவிட்டால் போதும் என்று விட்டுவிட்டார்கள். சுவிட்சர்லாந்துக்காரர்கள் பிரெஞ்சு அளவையும் ஆங்கில இடது மரையையும் ஒன்றுசேர்த்து நான்காவதாக ஒரு வகையை உண்டாக்கிக்கொண்டார்கள்.

வெளியே வந்த கப்பை மண்ணெண்ணெயில் கழுவியபோது, முகப்பில் 1.37 என்ற எண் தெரிந்தது. முன்ஃபோர்க்கைக் கழற்றியபோது அதன் தண்டில் ரெனால்ட்ஸ் என்ற பர்மிங்காம் குழாய் நிறுவனத்தின் முத்திரை இருந்தது. மட்கார்டு வளையங்கள், ஆங்கில மரை, பர்மிங்காம் குழாய். மிலானிலிருந்து வந்ததாக நான் நம்பிய ஃபிரேம், என் வீட்டிலிருந்து சில மைல் தொலைவில் யாரோ கட்டியது. வாரநாட்களில் வேலைக்குப் போகவும், ஞாயிறன்று மட்கார்டைக் கழற்றிவிட்டுப் பந்தயத்துக்குப் போகவும் ஒரே சைக்கிளை வைத்திருந்த ஆங்கிலச் சங்கத்துக்காரர் ஒருவருக்காகச் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பியாங்கி என்ற பெயருக்காகத்தானே பணம் கொடுத்தேன்? 1885-இல் எதுவார்தோ பியாங்கி மிலானின் நிரோனே தெருவில் சிறு பட்டறையாகத் தொடங்கியது, இத்தாலிய வீரர் பாஉஸ்தோ கோப்பி 1949-இலும் 1952-இலும் ஒரே ஆண்டில் ஜீரோ என்ற இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தையும் டூர் தெ பிரான்ஸையும் வென்றபோது ஓட்டியது என்றெல்லாம் வாங்கும் முன்பே மனத்துக்குள் ஓடவிட்டுப் பார்த்தவன் நான். ஆனால் பின்னர் யோசிக்க யோசிக்க, மேலே ஒரு பெயரும் உள்ளே வேறொரு கையும் இருப்பது இந்தத் தொழிலில் விதிவிலக்கே அல்ல என்பது நினைவுக்கு வந்தது. ஐரோப்பிய எஃகுச் சைக்கிளின் பொற்காலம் என்று நாம் கொண்டாடும் முப்பது நாற்பது ஆண்டுகள் முழுவதும் அப்படித்தான் நடந்தன.

மிகப் புகழ்பெற்ற சான்று பிரஸ்ஸல்ஸில் ஒரு மெட்ரோ நிலையத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. நிலையத்தின் பெயரே எடி மெர்க்ஸ், பெல்ஜியத்தின் பெரும் பந்தய வீரர் பெயர். 1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ நகரில், ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி மெர்க்ஸ் உலகச் சாதனை படைத்த சைக்கிள் அது. கட்டியவர் மிலானுக்கு அருகிலுள்ள கம்பியாகோவைச் சேர்ந்த எர்னெஸ்தோ கொல்னாகோ. எடை ஆறு கிலோவுக்கும் குறைவு. அந்த எடைக்காகச் செயினின் பட்டைகளில்கூடத் துளையிட்டார்கள். ஒரு செயினில் எத்தனை பட்டைகள் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கே அந்த வேலையின் பைத்தியக்காரத்தனம் புரியும். ஆனால் சாதனை நாளின் புகைப்படங்களில் அந்தச் சைக்கிளின் மேல் இருக்கும் பெயர் கொல்னாகோ அல்ல. விண்ட்சர் என்ற மெக்சிகோ நாட்டு நிறுவனத்தின் பெயர். பணம் கொடுத்தவர் பெயர் சாய்குழாயில் ஏறியது.

கொல்னாகோவுக்கு முன்பே மிலானில் பாலியெரோ மாசி இப்படித்தான் வாழ்ந்தார். விகொரெல்லி ஓட்டக்களத்தின் பார்வையாளர் வரிசைகளுக்கு அடியில் அவருடைய பட்டறை. மேலே பலகைகளின்மீது சக்கரங்கள் ஓடும் ஓசை, கீழே அரத்தின் ஓசை. அவரைத் தையற்காரர் என்றே அழைத்தார்கள். ஓட்டுநரின் தொடை, கை, உடல் நீளங்களை அளந்து, சட்டை தைப்பதுபோல் ஃபிரேம் கட்டியவர். பெரும் வீரர்கள் பலர் அவரிடம் ஃபிரேம் வாங்கி, தம் அணிக்குப் பணம் கொடுத்த நிறுவனத்தின் வண்ணத்தைப் பூசி ஓட்டினார்கள். பின்னாளில் கல்தொனாத்சோவின் தாரியோ பெகொரெத்தியும் அதே வழியில்தான் தொழில் கற்றார். ஸ்பெயின் வீரர் இந்துராயின் உட்பட 1980-களிலும் 1990-களிலும் ஓடிய பலருக்கு அவர் வேறு பெயர்களின் கீழ் ஃபிரேம் கட்டினார் என்பது தொழிலுக்குள் ஊரறிந்த ரகசியம். 2018-இல் அவர் இறந்தபோது அவர் பெயரே ஒரு பெரிய பெயராகியிருந்தது.

குஸானோ மிலானினோவின் ஊகோ தெ ரோசாவை இந்த வரிசையில் தனியாகச் சொல்ல வேண்டும். 1953-இல் கடை திறந்தவர். 1970-களில் மெர்க்ஸுக்கு ஃபிரேம் கட்டியவர். இருக்கைக் குழாயின் கோணத்தை அரை பாகை மாற்றச் சொல்லி மெர்க்ஸ் கேட்பார். மாற்றிக் கொடுத்தபின் மீண்டும் வேறு மாதிரி கேட்பார். உடம்பு முழுவதும் அளவுகோலாகிவிட்ட அந்த மனிதருக்குச் சலிக்காமல் கட்டிக் கொடுத்தார் தெ ரோசா. பந்தயங்களிலிருந்து ஓய்வுபெற்று, 1980-இல் பெல்ஜியத்தின் மெய்ஸில் மெர்க்ஸ் சொந்தமாகத் தொழிற்சாலை திறந்தபோது, வேலை சொல்லிக்கொடுக்கப் போனவரும் அவரே. மெர்க்ஸ் என்று பெயர் தாங்கிய ஃபிரேம்களில் தெ ரோசாவின் கைப்பழக்கம் இருந்தது. 2023-இல், தம் 89-ஆம் வயதில் அவர் காலமானார்.

பெயர் எப்படி உருவாகும் என்பதற்கு எனக்குப் பிடித்த கதை ட்ரெவிஸோவின் ஜொவான்னி பினரெல்லோவுடையது. 1951 ஜீரோ பந்தயத்தில் அவர் கடைசியாக வந்தவர். அந்தக் காலத்தில் கடைசி ஆளுக்கும் ஒரு கறுப்புச் சட்டை தருவார்கள். கூட்டம் அவரையும் பார்த்துக் கைதட்டும். மறு ஆண்டு, அணியில் அவருக்குரிய இடத்தைப் பஸ்குவலே போர்னாராவுக்குக் கொடுக்க விரும்பிய நிர்வாகம், ஒதுங்கிக்கொள்வதற்காக அவருக்கு 1,00,000 லிரா கொடுத்தது. ஓட்ட வேண்டாம் என்று கொடுத்த அந்தப் பணத்தில் அவர் சைக்கிள் கடை வைத்தார். இன்று உலகின் மிக விலையுயர்ந்த சைக்கிள்களில் அந்தப் பெயர் இருக்கிறது.

ஆனால் பெயருக்கும் கைக்கும் கீழே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது குழாய். பந்தயச் சைக்கிளின் உயிர் அங்கேதான் என்பது என் கட்சி. 1897-இல் பர்மிங்காமின் ஆல்பிரட் மில்வார்ட் ரெனால்ட்ஸ் பெற்ற காப்புரிமையே இதன் தொடக்கம். ஆணி செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். குழாய்கள் சேரும் முனைகளில்தான் வலிமை வேண்டும், நடுவில் வேண்டாம்; ஆனால் வெளிவிட்டம் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது சிக்கல். தடிமனும் மெலிவும் மாறிவரும் உட்கம்பி ஒன்றின்மேல் குழாயை இழுத்து, பிறகு உருளைகளுக்கு இடையில் விட்டுச் சுழற்றிக் குழாயை ஒரு மயிரளவு விரியச் செய்தால், உட்கம்பி வெளியே வந்துவிடும்; உள்ளே முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் குழாய் நிற்கும். மிலானின் கொலம்பஸ் நிறுவனத்தின் எஸ்.எல். குழாயில் முனை 0.9 மில்லிமீட்டர், நடு 0.6 மில்லிமீட்டர். விசிட்டிங் கார்டுகள் இரண்டை அடுக்கிய தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுக்குழாயை நகத்தால் சுண்டினால் மெல்லிய மணியோசை வரும். குழாய்கள் சேரும் லக் என்ற மூட்டுறையின் அருகே சுண்டினால் அடைத்த ஓசை வரும். ஒட்டுப்படத்தால் இதைப் போலியாகச் செய்ய முடியாது.

1935-இல் வந்த ரெனால்ட்ஸ் 531 இந்தக் குழாய்களில் மிகவும் பெயர்பெற்றது. மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த எஃகு. கலப்புப் பொருட்களின் விகிதமே அந்த மூன்று எண்கள். 1961-இல் வந்த ஜாகுவார் இ-டைப் காரின் முன்பக்கச் சட்டத்திலும் அதே குழாயைப் பயன்படுத்தினார்கள். பிரான்ஸின் பெஜோ நிறுவனம் தன் தலைசிறந்த பி.எக்ஸ்.10-ஐ 531-இல்தான் கட்டியது. பிரெஞ்சுக்காரர்கள் தம் அளவை விட்டுக்கொடுக்காததால் அவர்களுக்கென மெட்ரிக் விட்டத்தில் பர்மிங்காம் குழாய் இழுத்து அனுப்பியது. 1970-களின் 753 இன்னும் மெல்லியது, வெப்பப் பதம் ஏற்றப்பட்டது. மாதிரி மூட்டு ஒன்றைப் பற்றவைத்து அனுப்பித் தேறிய பட்டறைகளுக்கே அதைக் கொடுத்தார்கள்.

பற்றவைப்பது என்று எளிதாக எழுதிவிட்டேன். வெல்டிங் அல்ல அது. வெல்டிங்கில் இரண்டு உலோகமும் உருகும். இங்கே குழாய் உருகக் கூடாது. நம் பொற்கொல்லர்கள் பற்றாசு வைப்பதன் அதே முறைதான். லக் எனப்படும் மூட்டுறைக்குள் குழாயைச் செருகி, வெண்காரம் கலந்த பசையைத் தடவி, மூட்டு மங்கிய செந்நிறமாகும்வரை சுடரைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, பித்தளைக் கம்பியின் நுனியைத் தொட்டால், பித்தளை உருகி வெப்பம் இருக்கும் திசையில் தானே இடுக்குக்குள் ஓடும். பித்தளைக்கு ஏறக்குறைய 900 பாகை வேண்டும். வெள்ளி கலந்த பற்றாசுக்கு 650-ஐ ஒட்டிப் போதும். வெள்ளி விலை கூடியது, ஆனால் மெல்லிய குழாயின் பதம் கெடாது. 753-க்கு வெள்ளி தவிர வேறு வழியில்லை. சுடர் ஓரிடத்தில் சில நொடி அதிகம் நின்றால் குழாய் அங்கே பலமிழக்கும். பூச்சின்மேல் அது தெரியாது. பத்தாண்டு கழித்து ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது தெரியும்.

மூட்டு ஆறியபின் அரம். என் ஃபிரேமில் பூச்சை உரித்தபோது லக்கின் ஓரம் குழாயோடு கலக்குமிடம் வெற்றிலை நுனிபோல் மெலிந்திருந்ததைப் பார்த்தேன். வண்ணத்துக்கு அடியில் போகப்போகிற ஓரத்தை இவ்வளவு மெலியவைக்க யாரும் அவரைக் கேட்டிருக்கமாட்டார்கள். இத்தாலியர்கள் வேகமாகக் கட்டி வண்ணத்தால் ஜொலிக்கவைத்தார்கள், ஆங்கிலேயர்கள் அரத்தோடு மாரடித்தார்கள் என்று சங்கத்தில் சொல்வது பாதி உண்மை, பாதி ஊர்ப்பற்று.

குழாயைப் பின்தொடர்ந்தால் எனக்கு இன்னொரு கதவும் திறக்கிறது. நான் அம்பத்தூரில் வளர்ந்தவன். எங்கள் ஊர்ச் சைக்கிள் தொழிற்சாலையை எல்லோரும் டி.ஐ. என்றே சொல்வோம்; அந்த இரண்டு எழுத்துக்கு விரிவு இருக்கிறது என்று சிறுவயதில் யோசித்ததில்லை. டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற ஆங்கில நிறுவனத்தோடு சேர்ந்து முருகப்பா குழுமம் 1949-இல் தொடங்கியது அது. அதே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ்தான் 1928-இல் ரெனால்ட்ஸைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. பர்மிங்காமின் ஹெர்குலிஸை 1946-இலும் நாட்டிங்காமின் ரலேயை 1960-இலும் வாங்கியது. டி.ஐ.-ரலே என்ற அணி சிவப்பு, மஞ்சள், கறுப்புச் சட்டையோடு ஓடியது; 1980-இல் அதன் வீரர் யோப் ஸூட்டமெல்க் டூர் தெ பிரான்ஸை வென்றார். அந்தச் சட்டையில் இருந்த டி.ஐ.யும், என் அப்பாவின் கறுப்பு ஹெர்குலிஸைச் செய்த டி.ஐ.யும் ஒரே வேரின் கிளைகள். இங்கிலாந்தில் அந்த நிறுவனம் 2000-இல் வேறொன்றோடு இணைந்து பெயர் மறைந்தது. டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற பெயர் இன்று சென்னையில் மட்டும் உயிரோடு இருக்கிறது. இதை நான் பர்மிங்காமில் சொன்னால், நம்பாதவர்களே அதிகம்.

பெயரும் கையும் ஒன்றாகவே இருந்த இடங்களும் உண்டு. பாரிஸை ஒட்டிய லெவலுவாவில் 1938-இல் தொடங்கிய அலெக்ஸ் சிங்கரும் அவர் காலத்து ரெனே எர்ஸும் ஃபிரேமோடு நிற்காமல் மட்கார்டு, விளக்கு, பை தாங்கி, ஹேண்டில்பார் தண்டு வரை ஒரே பட்டறையில் செய்து, முழுச் சைக்கிளாக ஒப்படைத்தார்கள். விளக்குக்குப் போகும் மின்கம்பி குழாய்க்குள்ளே மறைந்து ஓடும். எதுவும் ஆடாது, எதுவும் ஓசையிடாது. பந்தயப் புகழ் இல்லாததால் இவர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. என் கணக்கில் எஃகுச் சைக்கிளின் உச்சம் மிலானில் இல்லை, அங்கேதான் இருக்கிறது.

எஃகின் காலத்துக்கு முடிவு வேகமாக வந்தது. 1986-இல் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் கார்பன் ஃபிரேமில் டூர் தெ பிரான்ஸை வென்றார். 1994-இல் கொல்னாகோவே சி40 என்ற கார்பன் ஃபிரேமைக் கொண்டுவந்தார். மறு ஆண்டு பாரிஸ்–ரூபே பந்தயத்தின் கருங்கல் சாலைகளில் பிராங்கோ பல்லெரினி அதை ஓட்டி வென்றபின், கார்பன் உடைந்துவிடும் என்ற பேச்சு அடங்கியது. நல்ல எஃகுச் சைக்கிளின் எடை ஒன்பது, பத்துக் கிலோ. இன்று பந்தய விதி அனுமதிக்கும் குறைந்த அளவே 6.8 கிலோ. எஃகின் சவாரிக்கு ஏதோ மந்திரம் உண்டு என்று சொல்வோரோடு நான் சேரமாட்டேன். அந்தச் சுகத்தில் பெரும்பங்கு டயருக்கும் ஃபிரேமின் கோணங்களுக்கும் உரியது.

அதன்பின் பெயர்களே கைமாறின. உண்மையில் அது முன்பே தொடங்கிவிட்டது. 1943-இல் மிலான்–சான்ரெமோ பந்தயத்தை வென்று, 1948-இல் தொழில் தொடங்கிய சீனோ சினெல்லி, 1978-இல் தம் நிறுவனத்தைக் கொலம்பஸின் குடும்பத்திடம் விற்றார். மாசியின் பெயர் 1970-களிலேயே கலிபோர்னியாவுக்குப் போய்விட்டது. மகன் ஆல்பெர்த்தோ விகொரெல்லியின் அடியில் அதே பட்டறையைத் தொடர்ந்தார். ஒரே நேரத்தில் பெயர் ஒரு கண்டத்திலும் அரம் இன்னொரு கண்டத்திலும் இருந்தன. 2020-இல் கொல்னாகோவின் பெரும்பங்கு அபுதாபியின் முதலீட்டு நிறுவனம் ஒன்றிடம் போயிற்று. 1946-இலிருந்து டெர்பியில் கையால் ஃபிரேம் கட்டிவந்த மெர்சியன் 2024-இல் மூடப்படுவதாக அறிவித்து, அதே ஆண்டில் உள்ளூர்க்காரர்கள் கைகொடுக்க மீண்டும் திறந்தது.

டஸ்கனியின் கயோலே என்ற சிற்றூரில் 1997-இலிருந்து லெரோயிகா என்று ஒரு சைக்கிள் திருவிழா நடக்கிறது. 1987-க்கு முந்தைய சைக்கிளோடுதான் வரலாம். கியர் மாற்றும் நெம்புகோல் சாய்குழாயில் இருக்க வேண்டும், பிரேக் ஒயர் வெளியே தெரிய வேண்டும். முதல் ஆண்டு 92 பேர் வந்தார்கள்; இப்போது ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். அந்தத் திருவிழாவுக்கான ஆசையில்தான் நான் பியாங்கி தேடினேன். இப்படிப்பட்ட ஆசைகளின் விளைவாகவே, பழைய ஃபிரேம்களுக்குப் புதிய ஒட்டுப்படம் ஒட்டும் தொழில் ஒன்றும் செழித்திருக்கிறது. விதியைப் படித்துப் பார்த்தேன். பெயர் தெரியாத சைக்கிள் வரக் கூடாது என்று எங்கும் இல்லை.

பச்சைநீலத்தை முழுவதும் உரித்துவிட்டேன். பி.பி.யின் அடியில் நான்கு இலக்க எண் ஒன்று குத்தப்பட்டிருக்கிறது. கடைசி இலக்கம் சற்றுச் சாய்ந்திருக்கிறது. அதைச் சங்கத்து மூத்தவரிடம் காட்டினேன். இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லாண்ட்ஸில் அப்படி எண் குத்தியவர்கள் இருபது பேராவது இருப்பார்கள் என்றார். இரண்டு மூன்று பெயர் சொன்னார், பிறகு தலையசைத்து அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கரும்பச்சை பூசக் கொடுத்தேன், எழுத்து எதுவும் வேண்டாம் என்றேன். கடைக்காரர் இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

சென்ற ஞாயிறன்று மரையில் கிரீஸ் தடவி, வலப்பக்கக் கப்பை வைத்து, இடஞ்சுழியாகத் திருகினேன். ஐந்து சுற்று விரலாலேயே போயிற்று. ஆறாவது சுற்றுக்குத்தான் ஸ்பானரை எடுத்தேன்.